வெட்டாமல் விட்ட நாலு இடம்

கோவில்பட்டியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மேஜை மேல் வைக்கிற வாட்டர்ஜெட் மெஷின்தான் என் முதல். மணல் கலந்த தண்ணீரைப் பீய்ச்சித் தகட்டை அறுக்கும்.

தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் பார்க்கும் மாரியக்கா பித்தளைத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து, பல்சக்கரம் வெட்டித் தரச் சொன்னார். அது இல்லாமல் அங்கே ஒரு மெஷின் நின்றுபோயிருந்தது. வெட்டி முடியும் நேரத்தில் சக்கரம் சாய்ந்து, ஒரு பல் சிதைந்துவிட்டது. என் தவறு என்னவென்று எனக்கே தெரியவில்லை. "தகடு வளைஞ்சிருக்குக்கா" என்றேன், கூசாமல்.

அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் வேறு தகட்டோடு வந்தவர், மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"சுத்தி முழுசா அறுத்தா துண்டு ஆடத்தான செய்யும் அண்ணாச்சி? எங்க பெட்டி அட்டையில நாலு இடத்துல நூலளவு வெட்டாம விடுவோம்லா. கடைசியில கையால பிச்சுக்கிடுவோம்."

அப்படியே செய்தேன். சக்கரம் அசையவில்லை. ஒட்டியிருந்த நாலு இடத்தையும் அறுத்து, அரத்தால் ராவிக் கொடுத்தேன்.

"நேத்து தகட்டுல குத்தமில்லக்கா."

"தெரியும். வீட்டுல கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன். வளைவே இல்ல. அதான் இன்னைக்குப் பக்கத்துல நின்னேன்."

சக்கரத்தை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டறையில் இப்போது ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதன் மேல் வைத்துப் பார்க்காமல் யார் தகட்டையும் நான் குறை சொல்வதில்லை.