குதிரை வீட்டில் குதிரை

என் எழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். ஆட்டத்தைப் பிழையில்லாமல் சொல்லுவேன்.

மூதூருக்குப் படகு போகும் துறையில் எனக்குக் கயிறு கட்டுகிற வேலை. படகு வரும்வரை அங்கே சதுரங்கம் ஆடுவோம். துறையில் என்னை வென்றவர் இல்லை. ஆனாலும் நான் ஆடுவது சரியான சதுரங்கம்தானா என்று அறிய எனக்கு வழியிருக்கவில்லை.

ஒருநாள் காற்றுப் பலத்துப் படகு நின்றுவிட்டது. தோப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்கப் போகிற ஒருவர் காத்திருப்போர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். வெளிநாடுகளிலும் வென்றவர் என்று கூட வந்த வாத்தியார் சொன்னார். டிக்கெட் கொடுக்கிற அண்ணன் சும்மா இருப்பாரா?

“ஐயா, எங்கட ஆளோட ஒரு கை பாருங்கோ. ஆள் வாய் திறக்கமாட்டான். காய்தான் கதைக்கும்.”

வெட்கத்தோடுதான் பலகையை விரித்தேன்.

அரை மணித்தியாலத்தில் என் ராசாவை மூலைக்குள் தள்ளிவிட்டார். அவருக்கு இன்னும் ஒரு நகர்த்தல் கிடைத்தால் என் கதை முடிந்தது. கடைசிக் கட்டத்துக்கு ஒரு அடி முன்னால் என் காலாள் ஒன்று நின்றது; அந்தக் கட்டத்தைத் தொட்டால் காலாள் பெரிய காயாக மாறும். அவர் அதைக் கண்டும் கவலைப்படவில்லை. நான் காலாளைத் தள்ளி, வெட்டுப்பட்டுக் கிடந்த என் குதிரையை அங்கே வைத்தேன். ராசாவுக்குச் செக், அதே குதிரையின் வெட்டில் அவருடைய ராணியும்.

ராணி போனது. மேலும் ஆறேழு நகர்த்தல் பார்த்துவிட்டு அவர் தோற்றதாகக் கையை நீட்டினார்.

“நீங்கள் ராணி எடுத்திருந்தால் செக் இல்லை, நான் வென்றிருப்பன். குதிரையை எப்பிடி யோசிச்சனீங்கள்?”

“அது குதிரையின்ர வீடு, ஐயா. காலாள் அங்க போனால் குதிரைதான் வரும்.”

“ஆர் சொன்னது? விரும்பின காயை எடுக்கலாமே!”

அண்ணன் தலையில் கைவைத்தார். “அப்ப இவ்வளவு காலமும் பிழையாவோ விளையாடினனாங்கள்?”

நான் அந்தக் குதிரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப நான் வெண்டது செல்லாதோ, ஐயா?”

“ஏன் செல்லாது? குதிரையும் எடுக்கலாம்தானே. அந்தச் செக்கை எப்ப கண்டனீங்கள்?”

“உங்கட ராணி அங்க வந்து நிக்கேக்கையே.”

அவர் சிரித்தார். “ஓம், நான் ராணியைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இதை எழுதித் தாங்கோ. பிள்ளையளுக்குக் காட்டவேணும்.”

காற்று அடங்கியதும் அவருடைய படகின் கயிற்றை நானே அவிழ்த்துவிட்டேன்.

சரியான சட்டம் இப்போது எனக்குத் தெரியும். துறையில் இன்னும் எங்கள் சட்டம்தான். எந்தச் சட்டத்தில் ஆடினாலும் இங்கே என்னை வெல்ல ஆளில்லை. எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது. நாளைக் காலைப் படகில் வாத்தியாரிடம் கொடுத்துவிடுவேன்.

மாசி மாதம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை.