கடைசியாக இறங்கியவர்

நடப்பதற்கு ஒரு கிளப்பா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறதே, என்ன செய்ய! ஞாயிற்றுக்கிழமையானால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய், மலையில் ஏறி, அதே மலையில் இறங்கி வருகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவருக்கு வாலண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அங்கே யாரும் கேட்டதில்லை. அங்கே எல்லாருக்குமே பட்டப்பெயர்தான். முன்னால் நடக்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் கேப்டன்.

வாலண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க கிரீஸ் நாறும் இருட்டுக் குழிக்குள் ஒற்றை ஆளாக வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டி, "அண்ணே, சீக்கிரம் திறங்கண்ணே" என்று உயிரை விடுவார்கள். திறந்துவிட்டால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டம். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார். மேசையில் உட்கார்ந்தால் எதிரில் இன்னொரு நாற்காலி இருந்து தொலைக்கிறதே. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்தான் சண்டை போட்டாள்: "சும்மா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்கப்பா. நாலு பேரோட பழகுங்க."

பழகத்தான் போனார். நிதானமாக நடக்கிறார், வாயும் அதிகம் திறப்பதில்லை என்று அவரை வாலாக்கிவிட்டார்கள். வாலுக்கு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் உண்டு. அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அத்தனை பேரையும் முன்னால் அனுப்பிவிட்டுத்தான் அவர் நகர வேண்டும். ஆரஞ்சு ஜாக்கெட் பஸ்சில் ஏறிவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். தலையை எண்ணுகிற தொல்லையே இல்லை என்று கேப்டனுக்கு ஏகப் பெருமை.

ஆக, நாலு பேரோடு பழகப் போன மனிதருக்குப் பழக்கமானதெல்லாம் முதுகுகள். யாருடைய பையில் வார் பிய்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்வார். அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டால் முழிப்பார். முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் காற்றில் வரும். எதற்குச் சிரித்தார்கள் என்பது வந்து சேராது.

அந்தக் குளிர்காலத்து ஞாயிறன்று மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கி, மத்தியானமே பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், மருந்துக்கடையில் வேலை. கடைவீதிக்குப் போகிற மெல்லிய ஸ்வெட்டரோடு மலையேற வந்துவிட்டாள், புண்ணியவதி! இறக்கத்தில் பல் தந்தியடிக்கக் கூட்டத்தை விட்டுப் பின்தங்கினாள். வாலண்ணன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினார்.

"உங்களுக்குண்ணே?"

"எனக்கு இது பழகின குளிர்தான். நீ பேசிக்கிட்டே நடம்மா, குளிர் தெரியாது."

சொன்னதுதான் தாமதம். மாமியார், கடை முதலாளி, பிடுங்காமல் விட்ட கடைவாய்ப்பல் என்று ஊர்ப்பட்ட கதை சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாலண்ணன் ஒரு முகத்தைப் பார்த்து நடந்தார். "நீங்க ஏண்ணே பேசவே மாட்டேங்கறீங்க?" என்று அவள் கேட்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பாழாய்ப்போன முழங்கால் பிடித்துக்கொண்டது. "நீ போய் ஏறும்மா, பின்னாலயே வந்துடறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து காலை நீவினார். கீழே கேப்டன் ஆரஞ்சு நிறம் படியேறுவதைப் பார்த்தார். "வால் ஏறியாச்சு! போலாம், ரைட்!" அந்தப் பெண்ணோ முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியவள் ஊர் வந்துதான் விழித்தாள். அண்ணன் பின்சீட்டிலிருந்து இறங்கிப் போயிருப்பார், ஜாக்கெட்டை அடுத்த ஞாயிறு கொடுத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைப்பு.

வாலண்ணன் இறங்கி வந்தபோது ரோடு காலியாகக் கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. வளைவு திரும்பியதும் யாராவது ஒருத்தர் கேட்பார்கள், எங்கே நம்ம வாலண்ணன் என்று. ஒரே ஒருத்தர் கேட்டால் போதும், பஸ் திரும்பிவிடும். சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு வளைவையே பார்த்து நின்றார். யாரும் வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகு ஒரு மரலாரிதான் வந்து நின்றது.

"இந்தக் குளிர்ல இங்க என்ன பண்றீங்க பெரியவரே?" என்றார் டிரைவர்.

"கூட வந்தவங்க இப்பத் திரும்பி வந்துடுவாங்க தம்பி."

"வந்தா எதிர்லதான வரணும்? இருக்கறது ஒரே ரோடு. ஏறுங்க, பாத்தா கைகாட்டி நிறுத்திடலாம்."

எதிரே வந்த ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் வாலண்ணன் சீட்டின் நுனிக்கு வந்தார். ஒன்றுகூட அவர்களுடைய பஸ் இல்லை. ஊர் நெருங்கியதும் போனில் கிளப்பின் செய்தி வந்து விழுந்தது. 'எல்லாரும் பத்திரமா வந்து சேந்தாச்சு. கடைசி ஆள் வரைக்கும் கூட்டிட்டு வந்த வாலண்ணனுக்கு ஸ்பெஷல் நன்றி!' கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண் நிறைந்துவிட்டது. கேப்டன் நம்பரைத் தேடி அழுத்தினார். அவருக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் ஏதோ ஹோட்டல் இரைச்சல், பழக்கமான சிரிப்புகள்.

"நான் இன்னும் வந்து சேரலீங்க."

"யாரு பேசறது?"

வாலண்ணன் தன் பெயரைச் சொன்னார். பெற்றவர்கள் வைத்த பெயரை, முழுசாக.

"அப்படி யாரும் எங்க கிளப்புல இல்லியேங்க. நம்பர் மாறி அடிச்சிட்டீங்க போல."

வால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேரும் எழுந்து ஓடி வந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.