காக்கைகள் விடாத தோட்டக்காரர்

அந்தக் கல்லூரித் தோட்டக்காரருக்கு வாய்த்த தலையெழுத்து எதிரிக்கும் வரக்கூடாது. பத்தொன்பது வருடமாக அந்த வளாகத்தில் செடி வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, சருகு கூட்டிப் பிழைக்கிற மனிதர். யாரிடமும் அதிர்ந்து ஒரு சொல் பேசியதில்லை. தங்கமான ஆள் என்று பெயர். ஆனால் காலையில் அவர் வாசலுக்குள் கால் வைத்ததும் காக்கைகளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ! ஒன்று கத்தும், பத்து சேரும், நூலகம் வரைக்கும் தலைக்கு மேலேயே வந்து திட்டித் தீர்க்கும். இரண்டாயிரம் பேர் நடமாடுகிற இடத்தில் அவரை மட்டும்!

மாணவர்களுக்குக் கேட்க வேண்டுமா? "அண்ணே, உங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க!" என்பார்கள். "அதுங்க உங்களைத்தான் மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிடுச்சு போல" என்பார் கேன்டீன்காரர். தோட்டக்காரரும் கூடவே சிரித்து வைப்பார். வீட்டில் மனைவி மட்டும், "குளிச்சுட்டுத்தான் போறீங்களா?" என்று சந்தேகமாகப் பார்ப்பாள்.

இந்த வேடிக்கை விலங்கியல் துறைக்கு ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு பெண்ணின் காதில் விழுந்தது. காக்கை நடத்தையைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சியே. எல்லோரும் அவளைக் காக்கா மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. முதல் நாளே நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"அண்ணா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. கல்லால அடிச்சது, கூட்டைக் கலைச்சது, குஞ்சைத் தொட்டது, இப்படி ஏதாவது உண்டா?"

"ஐயோ, நானா? எறும்பு போனாக்கூட ஒதுங்கிப் போற ஆளு மேடம் நான்."

பச்சைப் பொய். கண் இமைக்காமல் சொன்னார்.

நடந்தது இதுதான். அவள் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் புதிதாக ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். கருவிகள் வைக்கிற கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில் நிறுத்துவார். மேலே காக்கைக் கூடு. தினமும் எச்சம். ஒருநாள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து நிமிர்ந்தார், சீட் நடுவில் பொத்தென்று விழுந்தது. வந்ததே கோபம்! கிளை இழுக்கிற நீளக் கம்பை எடுத்து ஒரே தட்டு. கூடு கீழே வந்தது, மூன்று குஞ்சுகள். சருகோடு சருகாகக் கூட்டிக் குப்பைக் குழியில் தள்ளிவிட்டுக் கை கழுவினார். ஐந்து நிமிட வேலை. பெற்றவை இரண்டும் தலைக்கு மேல் கதறிக்கொண்டிருந்தன.

காக்கா மேடம் இரண்டு வருடம் பாடுபட்டாள். அவர் சட்டையை மாற்றிப் பார்த்தாள், தொப்பி போட்டுப் பார்த்தாள், அவருடைய சீருடையைக் காவலாளிக்கு மாட்டி நடக்கவிட்டாள். காவலாளியை ஒரு காக்கையும் சீண்டவில்லை. பறந்து வந்து இவரைத்தான் பிடித்தன. முகம் பார்த்துத்தான் திட்டுகின்றன என்று தெரிந்துபோயிற்று. ஆனால் இவர்தான் எதுவுமே செய்யவில்லையே? ஆகவே, காக்கைக்கும் ஆள் மாறிப்போகும், தப்பே செய்யாத ஒருவரை வருடக்கணக்கில் வைது கொண்டிருக்கும் என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். 'தப்பே செய்யாத' என்று அவள் சொல்லும்போதெல்லாம் தோட்டக்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். இனிமேல் எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

கட்டுரையை அனுப்ப ஒரு வாரம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களை அழைத்து வந்தார்கள், கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில் பாடம். அந்தக் கூட்டத்தில் தோட்டக்காரரின் மகளும் இருந்தாள். மேடம் 'தப்பே செய்யாத மனிதர்' என்று பிள்ளைகளை நோட்டில் எழுதவைத்துவிட்டு, அவரை நடுவில் நடக்கச் சொன்னாள். காக்கைகள் வந்து கத்தியே அவரை நார் நாராகக் கிழித்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிக்காதீங்கடி! எங்கப்பா ஒரு புழுவைக்கூட மிதிக்க மாட்டாரு. காக்காதான் தப்பு. மேடமே சொல்றாங்க இல்ல?" பிறகு மேடத்திடம் திரும்பி, "கட்டுரை வந்ததும் எனக்கு ஒண்ணு குடுங்க மேடம். இவளுங்க மூஞ்சிக்கு நேரா காட்டணும்" என்றாள்.

ஊரே சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. பெற்ற பிள்ளை தன் பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறாளே!

"மேடம், காக்காவுக்கு ஆள் மாறல," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "இந்த மரத்துல இருந்த கூட்டை நான்தான் தட்டி விட்டேன். மூணு குஞ்சு. விழுந்து செத்துப்போச்சு. நாலு வருஷமாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. காக்கைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"முதல் நாளே கேட்டேனே அண்ணா," என்றாள் மேடம். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் பிள்ளைகளிடம் திரும்பி, "கடைசியா எழுதினதை அடிச்சிடுங்க. அது என் தப்பு" என்றாள். எல்லோரும் குனிந்து 'தப்பே செய்யாத மனிதர்' என்ற வரியை அடித்தார்கள். மகளும் அடித்தாள். இரண்டு முறை அடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் மகள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனதும் வந்து எதிரில் நின்றாள்.

"மூணுமே விழுந்த உடனே செத்துடுச்சா அப்பா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நம்பியிருப்பாள். நம்பத்தான் கேட்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணு வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. அதையும் சேர்த்துத்தான் தள்ளினேன்."