லீலண்ட் பேத்தியை ஊரோட நிறுத்தின கதை

லீலண்ட் க்ரெஸ் இண்டியானாவுல தகடு அடிக்கிற ஃபேக்டரியில உழைச்சு ஓய்ஞ்ச ஆளு. யாருக்கும் நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்ல. பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்பக்கூட, "கராஜ் சாவியை வச்சிட்டுப் போ"ன்னுதான் சொன்னான். அப்பேர்ப்பட்ட மனுஷன், மக ஜனெல் பெத்த வின்னியைக் கையில வாங்கினதும் வெண்ணெயா உருகிட்டான். அந்தப் பிஞ்சு இவன் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டாவி விட்டா போதும், கடை கடையா அதையே சொல்லிக்கிட்டுத் திரிவான்.

அந்தப் பிள்ளையைத்தான் மருமகன் டோபின் நாட்டோட இன்னொரு கோடியில இருக்கிற அரிசோனாவுக்குத் தூக்கிட்டுப் போறேன்னான். அங்க அவனுக்கு வேலை கிடைச்சிருந்தது.

லீலண்ட் கத்தல. சிரிச்சான்.

"மாப்ள, நம்ம பழைய கார் இருமிக்கிட்டே நிக்குது பார்த்தியா? கார்புரேட்டரைப் பிரிச்சுச் சேர்த்து, சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் விக்கித் திணறாம கிளப்பிக் காட்டு. அப்புறம் நீ எங்க வேணா போ, வாயே தொறக்க மாட்டேன். விக்குச்சுன்னா, வர்ற குளிர்காலம் முடியிற வரைக்கும் இங்கயே கெட."

"பிள்ளையை வச்சுப் பந்தயமாப்பா?"ன்னு ஜனெல் எகிறினா.

"ஏன், உன் புருஷன் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

டோபினுக்கு முகம் செவந்துடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மாமனார் வாயால ஒரு 'சபாஷ்' வாங்கணும்னு ஏங்குற பையன். "விடு ஜனெல். பண்ணிடறேன் மாமா"ன்னான்.

நல்லாவும் பண்ணினான். பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற அந்த நாலு வாய் கார்புரேட்டரை மேசையில பரப்பி, மருந்துத் தண்ணியில ஊறப் போட்டு, ஒவ்வொரு துளையையும் காத்தடிச்சு, பல் தேய்க்கிற மாதிரி தேய்ச்சான். அதைக் கவுத்தப்போ மிளகு அளவு இரும்புக் குண்டு ஒண்ணு உள்ளேயிருந்து உருண்டு லீலண்ட் முழங்கையாண்ட வந்து நின்னுச்சு. டோபின் கவனிக்கல. லீலண்ட் காபிக் கோப்பையைத் தூக்கி அது மேல வச்சான். டோபின் கை கழுவப் போனதும், மாத்திப் போட வாங்கின புதுச் சாமான் பொட்டலத்துல இருந்த குண்டையும் சேர்த்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான்.

"மாமா, பொட்டலத்தோட வந்த இந்தப் படத்துல இங்க ஒரு குண்டு காட்டியிருக்கே?"

"அது வேற மாடலுக்குடா. என் காரு எனக்குத் தெரியாதா?"

நல்லாவே தெரியும். ஆக்சிலேட்டரை மிதிச்சதும் பெட்ரோல் பீச்சி அடிக்கணும். அந்தக் குண்டு இல்லைன்னா பெட்ரோலுக்குப் பதிலா காத்துதான் இழுக்கும். வண்டி விக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐஸ்க்ரீம் கடை வாசல்ல வாராவாரம் கூடுற பழைய கார்க்காரனுங்க எல்லாம் பானெட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னானுங்க. வண்டி செத்தா மத்தவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறது அங்க வழக்கம். சும்மா ஓடவிட்டப்போ லீலண்ட் காரு பூனை மாதிரி உறுமுச்சு. டோபின் சிரிச்சுக்கிட்டே மிதிச்சான். விக்கி, குலுங்கி, செத்துது. அத்தனை ஹாரனும் ஒண்ணா அலறுச்சு.

"மாப்ளைக்கு டயப்பர் மாத்தத்தான் தெரியும் போல!"ன்னு லீலண்டோட கூட்டாளி கஸ் கத்தினான்.

டோபின் காது மடலெல்லாம் செவக்க இறங்கி, ஏர் ஃபில்டரைக் கழட்டி வச்சிட்டு, கார்புரேட்டர் வாய்க்கு நேரா மூஞ்சிய வச்சான். "பெட்ரோல் பீச்சுதான்னு பார்க்கறேன். மாமா, நீங்க ஸ்டார்ட் பண்ணி மிதிங்க."

லீலண்ட் சீட்ல உக்காந்தான். பெட்ரோல் பத்தாம விக்கிற எஞ்சின் மேல்பக்கமா நெருப்பைத் துப்பும்னு அவனுக்குத் தெரியும். 'தலையை எடுடா'ங்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா, 'ஏன் மாமா?'ன்னு கேப்பான். வின்னி போயிடுவா.

சாவியைத் திருப்பி மிதிச்சான்.

டமார்னு ஒரு சத்தம். ஹாரன் அடிச்சவனுங்க கொஞ்ச நேரம் அடிச்சுக்கிட்டேதான் இருந்தானுங்க, அப்புறந்தான் டோபின் அலறல் கேட்டுச்சு.

ஆஸ்பத்திரியில வலது கண்ணு தேறிடும்னாங்க. இடது கண்ணைப் பத்தி டாக்டர் பேச்சை மாத்தினார். அரிசோனாவுல வேலை தர்றேன்னவன் வேற ஆளை வச்சுக்கிட்டான். டோபினும் ஜனெலும் இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டுப் பிள்ளையோட லீலண்ட் வீட்டுக்கே வந்துட்டாங்க. "நீ மட்டும் இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போம்பா"ன்னு ஜனெல் அவன் தோள்ல சாஞ்சு அழுதா. லீலண்ட் அவ முதுகைத் தட்டிக் குடுத்தான்.

"மாமா, நான் எங்க தப்பு பண்ணேன்? எல்லாம் சரியாத்தானே போட்டேன்?" ரெண்டு கண்ணுலயும் கட்டோட டோபின் ஒரு நாள் கேட்டான்.

"அவசரம் மாப்ள. உனக்கு எதுலயும் அவசரம்."

அப்போ லீலண்ட் மடியில கெடந்த வின்னி சிணுங்கினா. டோபின் சத்தம் வந்த பக்கமா ரெண்டு கையையும் நீட்டினான். "எங்கிட்ட குடுங்க மாமா. கொஞ்ச நேரம்."

"கண்ணு தெரியாம கீழ போடறதுக்கா?"

லீலண்ட் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னலோரம் போய் கஸ்ஸுக்கு ஃபோன் போட்டான். "டேய், இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சுதுடா! வேற யாரையும் பார்க்கல, என்னை மட்டுந்தான்."

பின்னால டோபின் நீட்டின கையை இன்னும் மடக்கல.