உடம்புச் சூடு

நான் விளையாட்டு ஆசிரியை. கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளை ஓடவிடுகிறேன். ப்ளாடர் என்றால் எனக்குக் கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பைதான். காற்று இறங்கினால் ஊசியை எச்சில் தொட்டுச் செருகிப் பம்ப் அடிப்பேன். உடம்பில் இருக்கும் ப்ளாடரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. அடிவயிறு என்போம். மூத்திரப்பை என்றால் அம்மா வாயிலேயே போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் பாத்ரூமிலிருந்து வந்து, சமையலறையில் நின்ற என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்.

"யூரின் சிவப்பா போகுதும்மா."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப சூடுதான். பீர்க்கன்கரணையிலேர்ந்து நாவலூருக்குத் தினம் வேலைக்கு வண்டி சீட்டுல வெந்துக்கிட்டுப் போனா பின்ன என்னவாம்? தண்ணியும் குடிக்கிறதில்ல."

எங்கள் காலனியில் எதுவானாலும் சூடுதான். கண் எரிந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து அவர் கால் கட்டைவிரலில் தடவினேன். மோரில் வெந்தயம். வாழைத்தண்டுச் சாறு. மூன்றாம் நாள் நிறம் தெளிந்துவிட்டது. "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி எண்ணெய். "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரட்டா?" என்று அவரே ஒருமுறை கேட்டார். "சூட்டுக்கெல்லாம் டாக்டரா? ஸ்கேன் அது இதுன்னு இழுத்து விட்டுடுவாங்க" என்று அதட்டினேன். மனுஷன் அடங்கிப் போனார். மைதானத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். சனியன் பிடித்த குரல்.

இப்படியே ஏழு மாதம். ரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்து, ஒரு சொட்டுக்கூடப் போக முடியாமல் அவர் துடித்த பிறகுதான் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "ப்ளாடர்ல கட்டி இருக்கு" என்றார். ஐயோ, எனக்கு முதலில் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பந்துகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பாழாய்ப்போன மனசு.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கல்லீரல்வரை பரவியிருந்தது.

"முதல்ல ரத்தம் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா உள்ளயே சுரண்டி எடுத்திருக்கலாம்மா. இப்ப வலி தெரியாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்."

வார்டுக்குத் திரும்பினேன். கட்டில் ஓரத்தில் மூத்திரப் பை சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அன்னிக்கே வந்திருந்தா சரியாயிருக்குமா? கேட்டியா?"

"கேட்டேங்க. அப்ப வந்திருந்தாலும் இதேதான்னு சொல்லிட்டாங்க."

அவருக்கு மூச்சு லேசாயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை. இல்லன்னா காலம்பூரா நீ உன்னையே திட்டிக்கிட்டு இருப்ப" என்றார்.