கட்டிங் மெஷினில் ஒட்டிய ரஷ்யப் படம்

1. சென்சார்

கட்டிங் மெஷினில் ஆரோக்கியத்தின் விரல் நுனி போன அன்று, அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே நான் நினைத்தது என் மகளைத்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. பைண்டிங் பிரிவுக்குப் புதிதாக சூப்பர்வைசராக வருகிற பெண்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் பைண்டிங் சூப்பர்வைசராக வேலை செய்கிறேன். கட்டிங் மெஷினுக்குள் கை இருந்தால் கத்தியை இறங்க விடாமல் நிறுத்துவது சென்சார். அது கெட்டதும், ஆர்டர் நிற்கக்கூடாது என்று ஓனர் அதைக் கழற்றிவிட்டு கரண்ட் லைனை மெஷினுக்கு டைரக்டாகக் கொடுக்கச் சொன்னார். நான் கேட்கும்போதெல்லாம் ஸ்பேர் பார்ட் வருகிறது, பார்த்து ஓட்டச் சொல் என்பார்.

ஓட்டுகிறவள் ஆரோக்கியம். காலையில் மெஷினைப் போடும் முன் அவள் பயந்து பயந்து கத்தியைக் குனிந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

2. படம்

மகள் நித்யா எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். கல்லூரிக் கண்காட்சிக்காக அவள் எழுதிய சிறு புத்தகம் எங்களிடம்தான் அச்சுக்கு வந்தது. சோவியத் ஆட்சியின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று வந்த பத்திரிகைகள் மதத்தை எப்படித் தாக்கின என்பது பொருள். பூசாரியும் முதலாளியும் கூட்டாளிகள், கும்பிடுகிற பெண் ஏமாளி என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருக்கிறார்கள்.

அதில் ஒன்று, முக்காடு போட்ட ஒரு குடியானவப் பெண் சுவர் மூலையில் மாதா படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது. கலர் சரியில்லாமல் கழித்த தாள்களில் அது கிடந்தது. கீழே ரஷ்ய எழுத்து, யாருக்கும் புரியாது. மாதாவைச் சுவரில் மாட்டுகிறாள் என்று ஆரோக்கியம் நினைத்தாள். அழகாக வெட்டி மெஷின் நெற்றியில் ஒட்டி, தலையிலிருந்த மல்லியில் கொஞ்சம் கிள்ளி வைத்தாள்.

"சென்சார்தான் இல்ல. இவங்களாவது பார்த்துக்கினு இருக்கட்டும்க்கா," என்றாள்.

அதன்பின் அவள் கத்தியைக் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். தேவகி, பக்கத்து டேபிளில் தாள் அடுக்குகிறவள், அவளும் போகும்போது வரும்போது தொட்டுக் கும்பிட்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு ஓனரிடம் நான் ஸ்பேரைப் பற்றிக் கேட்கவில்லை.

மீதிப் பக்கங்களின் ப்ரூஃப் பார்க்க வந்த நித்யா படத்தையும் பூவையும் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இவ மாட்டல, கழட்டறா. அடுத்த படத்துல அடுப்புல போட்டுடுவா."

தேவகிக்கு வாய் நிற்காது. "அடிப்பாவி, சாமிய எரிக்கிறவளுக்கா பூ வச்சிக்கினு இருந்த?" என்றாள். பைண்டிங் முழுக்கச் சிரிப்பு. ஆரோக்கியம் மட்டும் மெஷினிடம் போனாள். படத்தைக் கிழித்தாள். பூவை எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். நித்யா அதற்குள் ப்ரூஃபில் மூழ்கிவிட்டாள்.

3. விசாரணை

அடுத்த வாரம், ஆரோக்கியம் கத்திக்குக் கீழே காகிதக் கட்டைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தபோது கத்தி தானாக இரண்டாம் முறை இறங்கியது. சென்சார் இருந்திருந்தால் பாதியில் நின்றிருக்கும். ஆனால் துணி சுற்றும்போது எனக்குத் தோன்றியது, நித்யா அன்று சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்பதுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த நித்யா அழுதாள். பிறகு எல்லோரையும் கூட்டி, சென்சார் கழற்றியதால்தான் இது நடந்தது, விசாரணையில் கேட்டால் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ சொல்லி ஒருவாட்டி கேட்டது போதும் கண்ணு. சாமி குத்தம் ஆயிப்போச்சி."

ஓனருக்கு அந்தப் பேச்சு வசதியாகப் போயிற்று. பூசாரியைக் கூட்டிவந்து மெஷின் முன் பூசணிக்காய் உடைத்தார். ஆரோக்கியத்துக்காக ஒரு மாதா படத்தையும் ஃப்ரேம் போட்டு மாட்டினார். விபத்தை விசாரிக்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சென்சார் திரும்பவும் பொருத்தப்பட்டிருந்தது.

கழற்றி வைத்திருந்தார்கள் என்று நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஆரோக்கியத்தைப் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல சார். தப்பு எம்மேலதான்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "தெரியாம யாருக்கோ பூ வச்சிட்டேன்க்கா. அதுக்குத்தான் வாங்கிக்கினேன்," என்றாள். ஓனருக்குப் பயந்து சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

பூசாரியும் முதலாளியும் கூட்டு என்று அந்தப் பத்திரிகைகள் சொன்னது எங்கள் பிரஸ்ஸில் கண்ணெதிரே நடந்தது. அதைச் சொல்லத் தெரிந்தவள் என் மகள்தான். ஆனால் அவள் பேச்சைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. நித்யா இப்போது என்னிடமும் அதிகம் பேசுவதில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒருத்தி தான் ஓட்டுகிற மெஷினில் சாமி படம் ஒட்டினால், அந்தப் படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். பயத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

போன வாரம் சென்சார் மறுபடி வேலை செய்யவில்லை. டைரக்டாகக் கொடுக்கச் சொன்னார் ஓனர். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆரோக்கியம் பக்கத்தில் வந்து நின்று, "எனக்காக வோணாம்க்கா, எழுந்திரு," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.