கலைச்செல்வி ஓடவைத்த சர்வர்

இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "கலை மிஸ் போயிட்டாங்க மிஸ்," என்றாள் பழைய மாணவி ஒருத்தி. மாரடைப்பாம். காலங்காத்தால என்னடி பேச்சு என்று அவளைத்தான் திட்டினேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கலையை அறிந்த உங்களுக்கெல்லாம் அவள் கல்லூரி லேப்பின் கலை மிஸ். எனக்கு, அரியலூர் கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரி. இரண்டாயிரத்து நான்கு வாக்கில் இருவரும் அங்கே டைப் அடித்துக் காலம் தள்ளினோம். வேலை முடிந்ததும் அவள் உடையார்பாளையம் பக்கத்திலிருந்த வீட்டுக்குப் போய் அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைப்பாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்நுனிகள் கருத்துத் தோல் உரிந்திருக்கும். "இந்தக் கையோட கீபோர்டத் தொட்டா அதுக்கே எரியும்டி," என்று அவளே சிரிப்பாள்.

அப்போதுதான் பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் வந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணைத் திரையில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து காட்டினால் இருவருக்கும் லேப் வேலை. கலைக்கு முந்திரிக்கொட்டையிலிருந்து விடுதலை. பக்கத்தை எழுதிவிட்டோம். அதைக் காட்டக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு வெப் சர்வர், அதாவது கேட்கிற பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள், ஓட வேண்டும். அதை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஏற்றினோம், ஸ்டார்ட் கொடுத்ததும் நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினோம். மறுபடி நின்றது. நான் சிபியூவுக்கு விபூதி பூசினேன். கலை முறைத்தாள்.

"நின்னு போறப்ப என்னமோ எழுதுது பாரு. திட்டுறவங்க என்ன சொல்றாங்கன்னாவது காது குடுத்துக் கேக்கணும்டி," என்று பிழைச் செய்தியை அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். எண்பதாம் எண் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்றிருந்தது. சர்வர் வழக்கமாக உட்காரும் இடம் அதுதான். கலை மேசையைத் தட்டினாள். "பஸ் ஸ்டாண்டுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிப்பாங்கள்ல? எவனோ எண்பதுல துண்டு போட்டு வச்சிருக்கான்டி."

அப்படித்தான். எங்களுக்கு முன் யாரோ ஏற்றிவைத்த இன்னொரு சர்வர், கம்ப்யூட்டரைப் போட்டதுமே அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அதை விரட்டலாம் என்றேன்.

"துண்டு போட்டவன்கிட்ட சண்ட போட்டா பஸ் போயிரும். பின்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு," என்று எங்கள் சர்வரின் அமைப்பில் எண்பதை எட்டாயிரத்து எண்பதாக மாற்றினாள். சர்வர் நிற்கவில்லை. பிரௌசரில் முகவரியோடு அந்த எண்ணையும் சேர்த்து அடித்தாள். எங்கள் பக்கம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.

நெட் இல்லாமலே ஓடும் என்று கலை சொன்னதை, பார்க்க வந்த கல்லூரிச் செயலாளர் லேசில் நம்பவில்லை. "நெட்டு இல்லாம எப்புடிம்மா ஓடும்? யாருக்குக் காது குத்துறீங்க?" என்றார். கலை நெட் வருகிற டெலிபோன் வயரை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வச்சிருங்க சார்," என்று சொல்லிவிட்டு ஒரு பதிவெண்ணை அடித்தாள். மதிப்பெண் வந்தது. அவர் வயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ரெண்டு பேரும் திங்கக்கிழமை வந்து சேந்துருங்கம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா குனிந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கலை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வேல கெடச்சிருச்சும்மா. இனிமே நீயும் ஒடைக்க வேணாம். எந்திரி." அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கலையை அறிந்தவர்களே, அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 'எந்திரி' போதும். அவளை எடுத்துச் சென்றபின் தெருவிலேயே உட்கார்ந்துவிட்ட அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.